சம்மதம், ஆனால்

மார்ச் 3

அக்காவுக்கு,

வீட்டை விற்றாகிவிட்டது. இந்த ஒரு வரியோடு கடிதத்தை மடித்து அனுப்பினால் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். எப்படி விற்றேன் என்று சொல்லாவிட்டால் அதைக் கேட்டு நீ ஒரு கடிதம் எழுதுவாய், அதற்கு நான் ஒன்று எழுத வேண்டும். ஃபோனில் பேசலாம்தான். போன தடவை பேசியதில் யார் முதலில் ஃபோனை வைத்தது என்பதே இன்னும் தீரவில்லை. எழுத்திலேயே இருக்கட்டும்.

வாங்குகிறவர் பல் டாக்டர். எதிர்ச்சாரியில் மாடியில் வாடகைக்கு கிளினிக் நடத்துகிறார். வலியோடு வருகிறவர்களுக்குப் படி ஏற முடியவில்லையாம். பல்லுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "வலி வந்துட்டா உடம்பு முழுக்கப் பல்லுதான் சார்" என்றார். நல்ல மனிதர். கீழே என் மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே நாம் வளர்ந்த மூன்று அறைகள், பின்னால் துணி காயப்போடும் இடம் என்று ஒன்று விடாமல் பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். சுவரை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார், உள்ளே சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. மறுநாள் ஒரு தாளில் விலையை எழுதி, கையெழுத்துப் போட்டு, தரகர் கையில் கொடுத்தனுப்பினார். விலை நாம் நினைத்ததைவிடச் சற்றுக் கூடவே.

அன்றே சம்மதம் என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்த்தேன். வாசலுக்கு மேலே அப்பா விளம்பரமாக மாட்டிய பெரிய தகர மூக்குக் கண்ணாடி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தெருவே அதை வைத்துத்தான் வழி சொல்கிறது. மூக்குக் கண்ணாடி வீட்டுக்கு இடதுபக்கம், மூக்குக் கண்ணாடி வீட்டைத் தாண்டி. அதை இறக்கினால் தபால்காரரே தொலைந்துபோவார். டாக்டர் தாளைப் படித்தார், சிரித்தார், என் கையைக் குலுக்கினார். டீ குடித்தோம். வேலை முடிந்தது.

கடையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன். கண் பரிசோதிக்கும் நாற்காலி முனையில் இருக்கும் முடிவெட்டுகிறவருக்குப் போயிற்று. அதில் உட்கார்ந்தவர்கள் பழக்க தோஷத்தில் எதிர்ச் சுவரில் எழுத்து தேடுகிறார்களாம்.

உன் பங்கு வந்ததும் நீ குடியிருக்கும் வீட்டையே வாங்கிக்கொள். இரண்டு பேருக்கும் நிம்மதி.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

நீ எதையும் விற்கவில்லை. நாற்காலியைத் தவிர.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு வக்கீலம்மாவிடம் போனேன். போனேன் என்றால், மாடிப்படியில் மடக்கினேன். அவர் கட்டணம் வாங்காத ஒரே இடம் மாடிப்படிதான். காய்கறிப் பையைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "உங்க தம்பி கையில இருக்கறது ஆஃபர். ஒருத்தர் வாங்கத் தயார்னு கையை நீட்டியிருக்கார், அவ்வளவுதான். இன்னொருத்தர் பிடிக்கற வரைக்கும் அவர் அந்தக் கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கலாம்."

பிடித்துக் குலுக்கினோமே, டீ குடித்தோமே என்று நீ எழுதுவாய். எழுதாதே. வீட்டு விஷயத்தில் டீ செல்லாது. எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நம் தரப்பில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பா வீட்டை இருவர் பெயரிலும்தான் எழுதிவைத்தார். என் கையெழுத்து இல்லாமல் நீ விற்கக்கூடியது அதிகபட்சம் வாசற்படியில் உன் பாதி.

நான் தையல் சொல்லித் தருகிறவள், எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். அளவெடுப்பது ஆஃபர். கத்தரி வைப்பது ஒப்பந்தம். அளவெடுத்த துணியை எத்தனையோ பேர் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெட்டிய துணியை யாரும் கேட்டதில்லை. நீ அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாய்.

எனக்கு அவசரம் என்று உனக்குத் தெரியும். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் இந்த வீட்டை விற்கப்போகிறார். இத்தனை வருஷம் வாடகை தவறாமல் கொடுத்தேன் என்பதற்காக முதலில் என்னிடம் கேட்டு, விலையை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் கடைசிவரை செல்லும். நான் இதை விட்டால் மெஷினை எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? இந்தக் கூடத்து வெளிச்சத்துக்காகத்தான் இரண்டு பஸ் மாறி என்னிடம் தைக்கக் கொடுக்க வருகிறார்கள். ஆனால் நான் உன்னைப்போல் அசட்டையாக இல்லை. மறுநாளே சம்மதம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். குளியலறைச் சுவர் ஒழுகுவதை மட்டும் அவர் செலவில் பூசித் தந்துவிட வேண்டும் என்று ஒரு வரி. நியாயமான மனிதர், மறுபேச்சுப் பேசவில்லை.

டாக்டர் எழுதியதையும் நீ எழுதியதையும் அப்படியே காப்பி எடுத்து அனுப்பு. உன் விளக்கம் வேண்டாம்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கேட்டபடி அனுப்புகிறேன்.

டாக்டர் எழுதியது: "தங்கள் வீட்டை மேற்படி விலைக்கு வாங்கத் தயாராக இருக்கிறேன். மார்ச் 31 வரை."

நான் எழுதியது: "தங்கள் விலைக்கு முழுமனதோடு சம்மதம். ஆனால் வாசலுக்கு மேலுள்ள கண்ணாடியை இறக்கக் கூடாது. மாடி ஜன்னல்கள் பச்சை நிறத்திலேயே இருப்பது நல்லது. கண்ணாடியைத் துடைக்க மாதம் ஒருமுறை என்னை ஏணியோடு அனுமதிக்க வேண்டும். பின்பக்கத்துக் கதவைச் சாத்தும்போது சற்றுத் தூக்கிச் சாத்தவும்."

ஒரே ஒரு சின்ன விஷயம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். காப்பி எடுக்கும்போதுதான் பார்க்கிறேன், நாலு இருக்கிறது. கடைசியில் உள்ளது நிபந்தனை இல்லை, அவர் நன்மைக்காகச் சொன்னது.

நீயும் உன் வக்கீலம்மாவும் என்ன சொன்னாலும், ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சம்மதம் என்று சொன்னது எனக்கு ஒப்பந்தம்தான். அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டுதான் வருகிறேன். போன வாரம் பேக்கரி அம்மா வந்தார். ரொட்டி அடுப்புக்கு இடம் பார்க்கிறாராம். டாக்டரைவிட ஒரு படி மேலேயே விலை சொன்னார், கண்ணாடி இருந்தால் இருக்கட்டும், கீழே பன் படம் வரைந்துகொள்கிறேன் என்றுகூடச் சொன்னார். நான் மசியவில்லை. வாக்குக் கொடுத்தாகிவிட்டது அம்மா என்று அனுப்பிவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நேர்மையைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போன காலம் இது.

டாக்டர் பக்கமிருந்து பதில் வரவில்லை. யோசிக்கிறார் என்கிறார் தரகர். தெருவில் பார்த்தபோது நானே கேட்டேன். "பல் ஆஸ்பத்திரி வாசல்ல கண்ணாடி தொங்கினா, உள்ளே போனா கண்ணைப் பிடுங்கிடுவாங்கன்னு பயப்படுவாங்க சார்" என்றார். எவ்வளவு நகைச்சுவை உணர்வு பார்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

அது நகைச்சுவை இல்லை. அது பதில்.

வக்கீலம்மா உன் தாளை மாடிப்படியில் நின்று இரண்டு தடவை படித்தார். பிறகு, "உங்க தம்பி ரொம்ப நல்லா எழுதறார். ஆனா இதுல சம்மதம்ங்கற வார்த்தை மட்டும்தான் இருக்கு, சம்மதம் இல்லை" என்றார். சட்டம் என்ன சொல்கிறது என்றால், கேட்டதைக் கேட்டபடி ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். "சரி, ஆனால்" என்று ஆரம்பித்தாலே அது வேண்டாம் என்று சொன்னதற்குச் சமம். அதோடு விடுவதில்லை. அவர் நீட்டிய ஆஃபர் அந்த இடத்திலேயே செத்துப்போகிறது. நீ புதிதாக ஓர் ஆஃபர் நீட்டியதாக ஆகிறது. அதை அவர் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதாவது, கையைக் குலுக்கும்போது நீ அவர் விலையைக் கொன்றாய், அவர் அனுதாபத்தோடு டீ குடித்தார்.

இல்லாத ஒப்பந்தத்துக்கு விசுவாசமாக இருந்து, கைக்கு வந்த ஆஃபரைத் துரத்தியும் விட்டாய். பன் படம் வரையத் தயாராக இருந்தவரை.

நீ இப்படி ஆனதற்கு நீ மட்டும் காரணம் இல்லை. அப்பாவுக்கும் இதேதான். உனக்கு அப்போது விவரம் தெரியாது. என்னை முதலில் பெண் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்துப்போய், அவர்கள் தட்டை நீட்டுகிற நேரத்தில், "எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனா மாப்பிள்ளை மீசையை எடுத்துடணும்" என்றார். அவர்கள் மீசையோடு எழுந்து போனார்கள். அப்பா கடைசிவரை நாங்கள் சம்மதம் சொன்னோம், அவர்கள்தான் ஏமாற்றினார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மீசையே இல்லாதவராகப் பார்த்து எனக்கு முடித்தார்கள். அவர் கல்யாணத்துக்கப்புறம் மீசை வளர்த்தார், போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை. அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.

கண்ணாடி விஷயத்தையும் இன்றே சொல்லிவிடுகிறேன். நீ அதைத் தெருவிலிருந்து பார்க்கிறாய். நான் மாடியறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தவள். இடது கண் சரியாக என் ஜன்னலை மறைத்தது. கல்யாணம் ஆகும்வரை உலகத்தை ஒரு தகரத்தின் முதுகாகத்தான் பார்த்தேன். மழை பெய்தால் யாரோ டப்பாவில் ஆணி கொட்டுவதுபோல் இருக்கும். அது இறங்கினால் அழுகிற கூட்டத்தில் நான் இல்லை.

இத்துடன் நானே ஒரு தாள் எழுதி, என் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் போ. மன்னிப்புக் கேள். விலையை மறுபடி எழுதித் தரச் சொல். தந்ததும் இந்தத் தாளில் உன் கையெழுத்தைப் போட்டு அவர் கையில் கொடு. அதில் "தங்கள் விலைக்குச் சம்மதம்" என்று மட்டும் இருக்கிறது. முற்றுப்புள்ளியை நானே வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு தாளில் காலி இடம் இருக்கும். இருக்கட்டும். அது உனக்கு எழுதுவதற்காக விட்டது இல்லை.

நான் அலமாரிகளுக்கு ஆசாரியை வரச் சொல்லிவிட்டேன். வக்கீலம்மாவும் வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மாலையில்கூட வெளிச்சம் இருக்குமா, தண்ணீர் எப்படி என்று அக்கறையாக விசாரித்தார். உன்னைவிட அவருக்கு என்மேல் கரிசனம்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

திட்டுவதற்கு முன் முழுக்கப் படி.

டாக்டரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையான மனிதர், அதே விலையை மறுபடி எழுதித் தந்தார். ஒரு வாரம் கெடு வைத்தார். உன் தாளை எடுத்தேன், என் கையெழுத்தைப் போட்டேன். இதுவரை நீ சொன்னபடி எல்லாம் நடந்தது.

கீழே அந்தக் காலி இடம் இருந்தது. அக்கா, அது ரொம்பப் பெரிதாக இருந்தது. நிபந்தனையாக எதையும் எழுதவில்லை. வேண்டுகோள் என்று தலைப்புப் போட்டு ஒரு வரி எழுதினேன். கண்ணாடியை இறக்காமல் இருந்தால் மகிழ்வேன் என்று. அதோடு நிறுத்தியிருந்தால் உன் வக்கீலம்மாகூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மகிழ்வேன் என்பது பலவீனமாகப் பட்டதால், இறக்கினால் பத்திரத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது என்றும் சேர்த்தேன்.

டாக்டர் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையையும் குலுக்கவில்லை. டீ மட்டும் வந்தது. நான்கு நாள் கழித்து, கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் பழைய செருப்புக் கடையை அவர் வாங்கிவிட்டதாகத் தரகர் சொன்னார். நேரே போய்க் கேட்டேன், இப்படிச் செய்யலாமா என்று. அவர் கோபப்படவே இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் பேசுகிற குரலில், "சார், நான் ரெண்டு தடவை கேட்டேன். நீங்க ஒரு தடவைகூட சரின்னு சொல்லவே இல்லையே" என்றார்.

நான் சொன்னேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேக்கரி அம்மாவிடமும் ஓடினேன். அவர் வேறு இடத்தில் அடுப்பே கட்டிவிட்டார். ஒரு பன் கொடுத்து அனுப்பினார்.

உன் ஏப்ரல் கெடு என் மனதில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் இரண்டு மாதம் கேட்டுப் பார்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை.

எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன். ஆகவே இது வெறும் தகவல்: வீட்டுக்காரரிடம் தவணை கேட்கப் போகிறேன். நல்லவேளை, நம் குடும்பத்தில் ஒருத்தியாவது ஒழுங்காக எழுத்தில் சம்மதம் கொடுத்து வைத்திருக்கிறாள். பணம் தாமதமாகலாம், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

உன் பன்னை நீயே சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

கடை காலி. வருகிறவர்களும் இல்லை, நாற்காலியும் இல்லை. தரையில் உட்கார்ந்து உன் கடிதங்களை வரிசையாக மறுபடி படித்தேன். என்னைத் திட்டியிருக்கும் இடங்களைத் தாண்டித் தாண்டிப் படித்ததில், திட்டாத ஒரு பத்தி கண்ணில் பட்டது. மார்ச் 9 தேதியிட்ட கடிதம். உன் வார்த்தைகளிலேயே தருகிறேன்: "மறுநாளே சம்மதம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். குளியலறைச் சுவர் ஒழுகுவதை மட்டும் அவர் செலவில் பூசித் தந்துவிட வேண்டும் என்று ஒரு வரி."

இதை நீ மாடிப்படிக்குக் கொண்டுபோனாயா?

எனக்குச் சட்டம் தெரியாது. எனக்குத் தெரிந்த சட்டம் எல்லாம் நீ மார்ச் 20 அன்று சொல்லித் தந்ததுதான். அதன்படி பார்த்தால் உன் சுவரும் என் கண்ணாடியும் ஒரே ஜாதி. வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை என்று எழுதியிருந்தாய். என் டாக்டரும் முதலில் பேசவில்லை.

நான் சொல்வது தப்பாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறேன். தப்பு என்று எழுது. சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

தப்பில்லை.

உன் கடிதம் வந்த அன்றே வீட்டுக்காரரிடம் போனேன். வரவேற்று உட்காரவைத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். வாடகை கொடுக்கப் போகும்போது ஒருநாளும் திருப்பியதில்லை. விற்றாயிற்று என்றார். எனக்குத்தானே என்று கேட்டேன். "நீங்க வேணாம்னு சொன்னதா நினைச்சேன்மா. சுவரைப் பூசினாத்தான்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அந்தச் சுவத்துல இனிமே ஒரு ரூபா போடற எண்ணம் இல்லை. அதனாலதான் ஒண்ணும் பேசலை" என்றார். கோபித்துக்கொள்ளக்கூட ஓர் இடம் வைக்காமல் பேசினார்.

யார் வாங்கியது என்று கேட்டேன். அவர் கீழே விரலைக் காட்டினார். நான் முதலில் தரையைக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஆமாம். வக்கீலம்மா. மகளுக்காக.

மாடிப்படியில் பிடித்தேன். கையில் அதே காய்கறிப் பை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க தம்பி லெட்டரைப் பத்திப் பேசும்போதே, நீங்களும் சுவரைப் பூசித் தரணும்னு ஒரு வரி எழுதிக் குடுத்ததா சொன்னீங்க. சட்டப்படி அது மறுப்பு. நான் உங்க மறுப்புக்கு மரியாதை கொடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். அப்போதே எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க தம்பியோட கேஸைத்தான் கேட்டீங்க. உங்க கேஸைக் கேக்கலையே" என்றார். அவர் வீட்டுக்காரருக்கு என்ன எழுதிக் கொடுத்தாராம் தெரியுமா? "சம்மதம்." அதற்குக் கீழே தேதி. அவ்வளவுதான். குளியலறைச் சுவர் ஒழுகுவது அவருக்குத் தெரியாதா? அது ஒழுகுவதே அவர் வீட்டு சீலிங்கில்தான்.

இத்தனை கடிதத்தில் உனக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து நடத்தினேன். அவர் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கூடத்தை அளந்திருக்கிறார். நான் கத்தரி, அளவு நாடா என்று உனக்கு உவமை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூன் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார், மரியாதையாக. ஆசாரி செய்துவைத்த அலமாரிகள் நன்றாக இருக்கின்றன, விட்டுவிட்டுப் போனால் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

நான்கு இடம் பார்த்தேன். ஒன்றில் ஜன்னல் சுவரைப் பார்க்கிறது, ஒன்றில் மெஷின் ஓடினால் பக்கத்து வீட்டில் தட்டுகிறார்கள். மற்ற இரண்டையும் எழுதக் கை வரவில்லை. உன் வாக்கியத்தைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

ஒரு செய்தி, ஓர் ஆஃபர். செய்தி முதலில்.

முடிவெட்டுகிறவரிடம் நாற்காலியைத் திருப்பிக் கேட்கப் போனேன். வாங்கியதைவிடக் கூடுதலாக விலை சொன்னார். சரி, ஆனால் அந்தக் கைப்பிடியில் கீறல் விழுந்திருக்கிறதே என்று நாக்கு நுனிவரை வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் பாதி மழித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றேன். வாயை மூடிக்கொண்டேன். முடிவெட்டுகிறவர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வராததால், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நாற்காலி இப்போது கடையில் இருக்கிறது. கடையும் இருக்கிறது. வீடு விற்பனைக்கு இல்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை.

இனி ஆஃபர். நிதானமாகப் படி, உனக்குத் தெரிந்த சட்டத்தோடு படி.

மேல்மாடியின் மூன்று அறைகளையும் நீ எடுத்துக்கொள்ளலாம். வாடகை இல்லை, பாதி வீடு உன்னுடையது. கீழே கடையும் பின்னறையும் எனக்குப் போதும். சமையலறை பொது. சமையல் யார் என்பது இந்த ஆஃபரில் இல்லை, அது வேறு வழக்கு. தெருப்பக்கத்து அறையில் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஜன்னலுக்கு முன்னால் என்ன தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். அது தொங்கும். மழை பெய்தால் சத்தமும் வரும்.

உனக்குப் பிடிக்காத ஒன்றையும் நான் மறைக்கவில்லை, பிடித்த மாதிரி மாற்றியும் எழுதவில்லை. உள்ளது இதுதான். மே 31 வரை செல்லும். அதற்குப் பிறகும் செல்லும் என்று எழுத ஆசை. எழுதினால் நீ யோசித்துக்கொண்டே ஜூன் கடைசிக்குப் போய்விடுவாய்.

இந்தக் கடிதத்தில் உனக்கு எந்த நிபந்தனையும் நான் வைக்கவில்லை. மூன்று தடவை திருத்தி எழுதினேன்.

தம்பி


மே 17

தம்பிக்கு,

முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். ஜன்னலைப் பற்றி ஒன்றரைப் பக்கம், சமையலறையைப் பற்றி அரைப் பக்கம். படித்துப் பார்த்தேன். நல்ல எழுத்து. அப்பாவே எழுதியதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று கேட்காதே, கேட்டால் சொல்லிவிடுவேன்.

வக்கீலம்மா எதிரில் வந்தார். பேசக் கூடாது என்றுதான் இருந்தேன், கட்டணம் இல்லாத ஆலோசனை எனக்கு இன்னும் ஒன்று பாக்கி என்று பட்டதால் கேட்டேன். தபாலில் சம்மதம் அனுப்பினால் எப்போது ஒப்பந்தம் ஆகும்? உன் கைக்கு வந்து சேரும்போதா? "இல்லக்கா, நீங்க பெட்டியில போடற அந்த நிமிஷமே முடிஞ்சுது. அப்புறம் அவர் நினைச்சாலும் பின்வாங்க முடியாது" என்றார். பிறகு, யார் என்ன என்று கேட்க வாயெடுத்தார். நான் படி இறங்கிவிட்டேன்.

அதனால் இதை நீ படிக்கும்போது உனக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. முனையில் இருக்கும் தபால் பெட்டியில் ஏற்கெனவே எல்லாம் முடிந்திருக்கும்.

மே 10 தேதியிட்ட உன் கடிதத்தில் கண்டபடி, கண்ட எல்லாவற்றுக்கும்:

சம்மதம்.

அக்கா

பின்குறிப்பு: இல்லை.